லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு எந்த வைஃபை? டாங்கிளா, கார்டா?

4 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04 போட்டிருக்கிறேன். மதர்போர்டில் வைஃபை கிடையாது. ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது, கேபிள் இழுக்க வழியில்லை. சின்னதாக ஒரு யுஎஸ்பி டாங்கிள் போதுமா, உள்ளே செருகும் கார்டுதான் வேண்டுமா? பெட்டியில் ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சடித்திருந்தால் நம்பி வாங்கலாமா?

4 ஜனவரி 2025

அச்சடித்ததை நம்பி வாங்காதீர்கள். பெட்டியில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரிப்பதில்லை. இன்டெல், மீடியாடெக், ரியல்டெக், குவால்காம், பிராட்காம் என்று ஒரு சிலர்தான் சிப் செய்கிறார்கள். மற்றவர்கள் அதை வாங்கி, மேலே ஒரு கூடும் ஆன்டெனாவும் சேர்த்துத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். லினக்ஸுக்கு அந்தப் பெயர் தெரியாது, சிப்பைத்தான் தெரியும்.

‘லினக்ஸில் இயங்கும்’ என்றால் பல சமயம் இவ்வளவுதான்: நிறுவனத்தின் தளத்தில் ஒரு ஜிப் கோப்பு கிடக்கும், அதற்குள் டிரைவரின், அதாவது சிப்பை ஓட்டும் மென்பொருளின், மூல நிரல் இருக்கும், ஏதோ ஒரு பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அது கம்பைல் ஆகியிருக்கும், அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறியிருக்கும். உங்களிடம் இன்று ஓடும் கெர்னலில் ஆகுமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதா? சேர்ந்தது எந்தப் பதிப்பில், என் கெர்னல் அதற்குப் பிந்தையதா? இரண்டுக்கும் ஆம் என்றால் செருகியதும் நெட்வொர்க் பட்டியல் தானாக வரும். உங்கள் கெர்னல் எது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025

5.15 என்று எழுதியிருக்கிறீர்கள். உபுண்டு 22.04 முதலில் வந்தபோது கூடவே வந்த கெர்னல் அது. இதே 22.04-க்குப் புதிய கெர்னலும் உண்டு, ஹெச்டபிள்யூஇ என்ற பேக்கேஜாகக் கிடைக்கிறது, இப்போது அது 6.8. வைஃபை வாங்கும் முன் அதற்கு மாறிவிடுங்கள். 5.15-க்கும் 6.8-க்கும் நடுவில் யுஎஸ்பி வைஃபைக்கு நடந்த நல்லது கொஞ்சமல்ல.

5 ஜனவரி 2025, இரவு

சிப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கையில் இருக்கும் பொருள் என்றால் எளிது. யுஎஸ்பி டாங்கிளைச் செருகி ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, இன்னொரு நான்கு இலக்கம் என்று ஓர் எண் வரும். முன்பாதி தயாரிப்பாளர், பின்பாதி பொருள். உள்ளே செருகும் கார்டுக்கு ‘எல்எஸ்பிசிஐ’, கூடவே ‘-என்என்’ சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 8086 என்று தொடங்கினால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். அந்த எட்டு இலக்கத்தைத் தேடினால் டிரைவரின் பெயர் கிடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்றால்தான் தொல்லை. மாடல் பெயர் மட்டும் போதாது, ஹார்ட்வேர் பதிப்பு எண்ணும் வேண்டும். இதற்குப் பெயர்போன உதாரணம் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் நிறையப் பேர். பின்பக்க ஸ்டிக்கரில் ‘வெர்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

11 ஜனவரி 2025

சரி, சிப் வாரியாகச் சொல்கிறேன். இது நீளும்.

உள்ளே செருகும் கார்டு என்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. முதலாவதுக்குக் கெர்னல் 5.1 போதும், இரண்டாவதுக்கு 5.10. இரண்டையும் ஓட்டுவது ஐடபிள்யூஎல்வைஃபை என்ற டிரைவர். இன்டெல்லின் ஆட்களே எழுதிக் கெர்னலுக்குள் கொண்டுவந்து பராமரிக்கிறார்கள். ஏஎக்ஸ்210-இல் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. டெஸ்க்டாப்புக்கு என்று விற்கும், மதர்போர்டின் பிசிஐஇ துளையில் செருகும் கார்டைக் கழற்றிப் பார்த்தால், மடிக்கணினியில் போடும் அதே எம்.2 துண்டுதான் ஓர் அட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். நான் பல நாளாக ஏஎக்ஸ்200 வைத்திருக்கிறேன். கெர்னல் எத்தனையோ மாறிவிட்டது, அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

அடுத்தது மீடியாடெக். எம்டி76 என்ற டிரைவர் குடும்பத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் ஓடுவதும் இதே குடும்பம்தான், அதனால் பார்க்கும் கண்கள் அதிகம். எம்டி7921 உள்ளே செருகும் வகைக்குக் கெர்னல் 5.12 வேண்டும். அதே சிப்பின் யுஎஸ்பி வடிவம் எம்டி7921ஏயூ, அதற்கு 5.18. உங்களை 5.15-இலிருந்து நகரச் சொன்னதற்கு இதுதான் காரணம். யுஎஸ்பியில் வைஃபை 6 (எண் ஏற ஏறப் புதிய தலைமுறை) வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது எம்டி7921ஏயூ. வைஃபை 5 போதும் என்றால் எம்டி7612யூ. 4.19-இலிருந்தே உள்ளே இருக்கிறது, உபுண்டு, டெபியன் என்று எந்த டிஸ்ட்ரோவிலும் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

ரியல்டெக் பற்றிப் பேசும்போதுதான் சண்டை வரும். பழைய நாட்களில் ரியல்டெக் யுஎஸ்பி சிப் என்றாலே யாராவது ஒரு தன்னார்வலர் ஒட்டுப்போட்டு வைத்திருக்கும் டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் யுஎஸ்பி ஆதரவு 6.2-இல் வந்தது. ஆர்டிஎல்8822பியூ, 8821சியூ போன்றவை அதில் அடங்கும். உள்ளே செருகும் வைஃபை 6 வகைக்கு ஆர்டிடபிள்யூ89, 5.16-இலிருந்து. ஆகவே ரியல்டெக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிப் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிராட்காம் கார்டு சும்மா கிடைத்தாலொழிய வாங்க வேண்டாம். சில சிப்புகளுக்கு ‘டபிள்யூஎல்’ என்ற மூடிய டிரைவர் தேவைப்படும். அது பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு காணாதது. ஒவ்வொரு கெர்னலுக்கும் டிஸ்ட்ரோக்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகின்றன.

பழைய ஏதெராஸ் கார்டுகள், அதாவது ஏடிஹெச்9கே டிரைவரில் ஓடுபவை, தனி ரகம். சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம். வேகம் வைஃபை 4 அளவில் நின்றுவிடும், ஆனால் அந்த அமைதி வேறு எதிலும் கிடையாது.

12 ஜனவரி 2025

ஃபர்ம்வேர் என்றதும் ஞாபகம் வந்தது. டிரைவர் கெர்னலுக்குள் இருந்தால் மட்டும் போதாது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பும் வேண்டும், அது ‘லினக்ஸ் ஃபர்ம்வேர்’ பேக்கேஜில் இருக்கிறது. கார்டு தெரிகிறது, வைஃபை மட்டும் இல்லை என்றால் ‘டிஎம்இஎஸ்ஜி’ கொடுத்து, ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்ற வரியைத் தேடுங்கள். -2 என்றால் கோப்பே இல்லை என்று பொருள். டெபியன் 12-க்கு முன்பெல்லாம் இன்ஸ்டாலரோடு இது வராது, பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2022-இல் அவர்கள் வாக்கெடுத்து முடிவை மாற்றிய பிறகு, 2023-இல் வந்த 12-இலிருந்து கூடவே வருகிறது.

12 ஜனவரி 2025

வைஃபையை ஓடவைக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதை ஈதர்நெட் மாதிரி எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.

19 ஜனவரி 2025

வெளியிலிருந்து கம்பைல் செய்யும் டிரைவர் மேல் ஏன் இவ்வளவு கோபம், டிகேஎம்எஸ் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிகேஎம்எஸ் நல்ல ஏற்பாடுதான். கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த டிரைவரையும் தானாகவே மறுபடி கம்பைல் செய்கிறது. ஆனால் கம்பைல் ஆகுமா என்பது டிகேஎம்எஸ் கையில் இல்லை. கெர்னலுக்குள் ஏதோ ஒரு ஃபங்ஷனின் அமைப்பு மாறினால், உள்ளே இருக்கும் டிரைவர்களை மாற்றியவரே திருத்திவிடுவார். வெளியே இருப்பதை அவர் தொடமாட்டார். அதை வைத்திருப்பவர் கவனித்துத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வேலைநாள் காலையில் அப்டேட் முடிந்து, மெஷின் மறுபடி ஏறியதும், மேல் மூலையில் வைஃபை அடையாளமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோபம் புரியும். பழைய கெர்னலைத் தேர்ந்து பூட் செய்தால் தப்பிக்கலாம், அதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் செக்யூர் பூட் என்ற மதர்போர்டின் பாதுகாப்பு ஏற்பாடு. அது இயக்கத்தில் இருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலை, அதாவது டிரைவர் கோப்பை, கெர்னல் ஏற்காது. நீங்களே ஒரு சாவி உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்து, மறுபடி பூட் ஆகும்போது வரும் நீலத் திரையில் அதைப் பதிய வேண்டும். அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும். கவனிக்காமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தும் கணினியில் இதையெல்லாம் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். உள்ளே இருக்கும் டிரைவரோடு வரும் சிப்பை வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

2 பிப்ரவரி 2025

‘ஏசி1200’ டாங்கிள் வாங்கியவர் ஒருவர், நொடிக்கு 1200 மெகாபிட் வரவில்லையே என்று கேட்கிறார். வராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி முழு எண்ணாக்கினால் 1200. ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருப்பீர்கள். ‘ஏசி600’ என்பது 150-உம் 433-உம். அந்த 867 கூட ரேடியோ இணைப்பின் வேகம்தான், கோப்பு இறங்குவது அதில் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் சந்தோஷப்படலாம். அவருடைய டாங்கிள் யுஎஸ்பி 2.0 வேறு. அந்தப் பாதையின் உச்சமே ஏட்டளவில் 480.

வேகத்தை அளக்க இணையத் தளங்களை நம்ப வேண்டாம். ரவுட்டரில் கேபிளில் இருக்கும் இன்னொரு கணினிக்கும் உங்களுக்கும் நடுவில் ‘ஐபெர்ஃப்3’ ஓட்டிப் பாருங்கள். வைஃபையின் குறையா, வெளி இணைப்பின் குறையா என்பது உடனே பிரிந்துவிடும்.

9 பிப்ரவரி 2025

ஆன்டெனா பற்றி யாருமே கேட்கவில்லை. டெஸ்க்டாப்பில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கேபினெட் ஓர் இரும்புப் பெட்டி. பிசிஐஇ கார்டின் ஆன்டெனா அதன் முதுகில், பெரும்பாலும் சுவருக்கும் மேசைக்கும் நடுவில், கேபிள் குவியலுக்குள் நிற்கும். ரவுட்டர் முன்பக்கம் இருந்தால் சிக்னல் அந்த இரும்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஆகவே கார்டு வாங்கும்போது, நீளமான வயரில் காந்த அடியோடு வரும் ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள். மேசை மேலோ கேபினெட்டின் தலையிலோ வைக்கலாம்.

டெர்மினலில் ‘ஐடபிள்யூ டெவ்’ கட்டளையோடு உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயரும் ‘லிங்க்’ என்பதும் சேர்த்துக் கொடுத்தால் சிக்னல் அளவு டிபிஎம்-இல் வரும். முன்னால் ‘வாட்ச்’ போட்டால் இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். அதைத் திரையில் ஓடவிட்டு ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். என் மேசையில் கேபினெட்டுக்குப் பின்னால் -71-இல் இருந்தது, மேசை விளிம்புக்கு வந்ததும் -56. மைனஸ் எண் என்பதால், குறியை விட்டுப் பார்த்தால் எண் சிறியதாக ஆக நல்லது. -70-ஐத் தாண்டினால் இணைப்பு திணற ஆரம்பிக்கும். ஆன்டெனாவை இப்படிக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்காமல் வைஃபை 5-ஐத் தூக்கிவிட்டு வைஃபை 6 வாங்குவது வீண்.

டாங்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும், கூடுதலாக ஒரு விஷயம். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பக்கத்துப் போர்ட்டில் டிஸ்க் காப்பி ஓடும்போது வைஃபை படுத்துவிடுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். யுஎஸ்பி நீட்டிப்பு கேபிள் ஒன்றைப் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். விரல்நுனி அளவு டாங்கிளை நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். அதற்குள் ஆன்டெனா வைக்க இடமே கிடையாது, இருப்பதும் இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

10 பிப்ரவரி 2025

டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரித் தெரிகிறது என்று ஒருவர். விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வகை அது. ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ பேக்கேஜைப் போடுங்கள். சிடி வேஷத்தை அது கலைத்துவிடும். அதற்குப் பிறகு ‘எல்எஸ்யுஎஸ்பி’யில் எண்ணும் மாறும், அந்த எண்ணை வைத்துத்தான் சிப்பைத் தேட வேண்டும்.

2 மார்ச் 2025

இன்டெல் பற்றி மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டியவை.

ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று பெயர் ஒட்டினாற்போல இருப்பவற்றைத் தொடாதீர்கள். வைஃபையின் ஒரு பாகம் இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அவை. சிஎன்விஐ என்பார்கள். எம்.2 துளையில் கச்சிதமாக உட்காரும், ஏஎம்டி மதர்போர்டில் உயிர் வராது. வைஃபை 7-க்கான பிஇ200-உம் பல ஏஎம்டி பலகைகளில் தகராறு செய்கிறது. ஏஎம்டிகாரர்கள் வைஃபை 7 வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7925 பக்கம் போகலாம், அதற்குக் கெர்னல் 6.7 வேண்டும்.

இன்னொன்று, டெஸ்க்டாப்பையே ஹாட்ஸ்பாட்டாக்கும் எண்ணம் இருந்தால் இன்டெல் வேண்டாம். சுற்றிலும் கேட்கும் சிக்னலை வைத்து எந்த நாடு என்று கார்டே ஊகித்து, 5 கிகாஹெர்ட்ஸில் தானாக ஒலிபரப்பத் தடை போட்டுக்கொள்ளும். முன்பு ஒரு விருப்பத்தேர்வால் அதை அணைக்க முடிந்தது, பிறகு டிரைவரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு எம்டி7612யூ அல்லது எம்டி7921ஏயூ எடுங்கள். இன்டெல் மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதுதான்.

8 மார்ச் 2025, கேள்வி கேட்டவர்

6.8-க்கு மாறி ஏஎக்ஸ்210 கார்டு வாங்கிவிட்டேன். வைஃபை உடனே வந்தது. ப்ளூடூத் மட்டும் இல்லை.

8 மார்ச் 2025

பெட்டிக்குள் மெல்லிய கேபிள் ஒன்று மிச்சம் இருக்கும், பாருங்கள். வைஃபை பிசிஐஇ வழியாகப் போகிறது, ப்ளூடூத் யுஎஸ்பி வழியாக. அந்தக் கேபிளின் ஒரு நுனி கார்டில், மறு நுனி மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி 2.0 இணைப்பு முனையில். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுகள் அதைப் பிடித்து வைத்திருந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். கேபிளை மாட்டும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மாட்டுங்கள்.

16 மார்ச் 2025

சும்மா இருக்கும்போது பிங், அதாவது பதில் வரும் நேரம், ஏறி இறங்குகிறதென்றால் மின்சேமிப்பைப் பாருங்கள். உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளில் வைஃபை பவர்சேவுக்கு 3 என்று இருக்கும், அதாவது சேமிப்பு இயக்கத்தில். 2 என்று மாற்றினால் அணைந்துவிடும். மடிக்கணினிக்கு 3 சரிதான். எப்போதும் சுவரில் செருகியே இருக்கும் டெஸ்க்டாப்புக்கு அது எதற்கு?

விண்டோஸும் கூட இருக்கிற மெஷினில் கார்டு திடீரென்று காணாமல் போனால், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ விருப்பத்தை அணையுங்கள். அதில் மெஷின் முழுதாக அணைவதில்லை, கார்டு அரைத்தூக்கத்திலேயே லினக்ஸ் கைக்கு வந்து சேரும். ஒருமுறை மின்கம்பியையே பிடுங்கிச் சற்று நேரம் விட்டுச் செருகினால் தெளிந்துவிடும்.

17 ஆகஸ்ட் 2025

டெபியன் 13 வந்துவிட்டது, கெர்னல் 6.12. மூடிய டிரைவர் கேட்கும் பிராட்காம் தவிர மேலே நான் சொன்ன எல்லாச் சிப்பும் அதில் அடக்கம், எம்டி7925 உட்பட. டெபியன் 12-இன் 6.1-இல் அது கிடையாது, ரியல்டெக் யுஎஸ்பி ஆதரவும் 6.2-இல் வந்ததால் நூலிழையில் தவறிப்போனது. ரியல்டெக் டாங்கிளைத் தூக்கி மூலையில் போட்டவர்கள் இப்போது எடுத்துச் செருகிப் பாருங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் பட்டியலில் தெரியவில்லை என்று கேட்டவருக்கு: அந்தப் பேண்டில் பழைய டபிள்யூபிஏ2 கிடையாது, கடவுச்சொல் போட்ட நெட்வொர்க் என்றால் டபிள்யூபிஏ3தான். ரவுட்டரில் அதை இயக்குங்கள். பிறகு ‘ஐடபிள்யூ ரெஜ் கெட்’ கொடுத்து நாடு 00 என்று வருகிறதா பாருங்கள். 00 என்றால் எந்த நாடு என்று தெரியாமல் பாதிச் சேனல்களை மூடி வைத்திருக்கிறது.

7 செப்டம்பர் 2025

பிசிஐஇ துளை காலி இல்லை, யுஎஸ்பியும் பிடிக்கவில்லை என்பவருக்கு. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதைக் கிளையன்ட் முறையில் போட்டு, வீட்டு வைஃபையில் சேர்த்து, அதிலிருந்து குட்டி ஈதர்நெட் கேபிளை டெஸ்க்டாப்புக்குக் கொடுங்கள். ரேடியோ வேலை முழுவதும் ரவுட்டருடையது. உங்கள் கெர்னலுக்கு அது வெறும் கம்பி, டிரைவர் என்ற பேச்சே இல்லை. நிறுவனம் தந்த மென்பொருளில் கிளையன்ட் முறை இல்லையென்றால் ஓபன்டபிள்யூஆர்டி ஏறுமா என்று மாடலையும் பதிப்பு எண்ணையும் வைத்துப் பாருங்கள். ஒரே தொல்லை, பல ரவுட்டர்கள் இந்த முறையில் தனக்குப் பின்னால் இருப்பதை வேறு நெட்வொர்க்காகப் பிரித்துவிடும். அப்போது வீட்டுப் பிரின்டர் தானாகத் தெரியாது, ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்க வேண்டும்.